அவன் கேட்கும்படி: அகப்பாடல்களில் காதல் பேசும் வழி

திருமண அழைப்பிதழ்களில் அடிக்கடி அச்சாகும் சங்கப் பாடல் ஒன்று உண்டு. குறுந்தொகையின் 40ஆம் பாட்டு. செம்மண் நிலத்தில் பெய்த மழை மண்ணோடு கலந்துவிட்டதுபோல இரண்டு நெஞ்சங்கள் கலந்துவிட்டன என்பது அதன் செய்தி. பாடியவர் பெயர் தெரியவில்லை. எனவே அந்த உவமையையே பெயராக்கிச் செம்புலப் பெயனீரார் என்று தொகுத்தவர்கள் குறித்து வைத்தார்கள். அழைப்பிதழில் இதைப் படிப்பவர்கள் மணவாழ்த்து என்றே எடுத்துக்கொள்கிறார்கள். பாட்டின் கீழுள்ள பழைய குறிப்போ வேறொரு சூழலைச் சொல்கிறது. அங்கே கல்யாணப் பேச்சே இன்னும் எழவில்லை. எதிர்பாராமல் சந்தித்த ஒருவனும் ஒருத்தியும் கூடிவிட்டார்கள். இவன் நம்மை விட்டுப் போய்விடுவானோ என்று அவள் முகம் மாறுகிறது. அந்த மாற்றத்தைக் கண்டு அவன் சொல்லும் தேறுதல் மொழி அது. அவளுடைய அச்சம் பாட்டுக்குள் ஒரு சொல்லாகக்கூட இடம்பெறவில்லை. ஆனால் அந்த அச்சம் இல்லாவிட்டால் பாட்டே இல்லை.

யார் சொன்னது, யாரிடம் சொன்னது, எந்த நிலையில் சொன்னது என்று குறிக்கும் இந்த அமைப்பைத்தான் தமிழ் மரபு ‘கூற்று’ என்கிறது. அகப்பாடல்களைப் பற்றிப் பேசும்போது திணையையே முதலில் பேசிப் பழகியிருக்கிறோம். குறிஞ்சி என்றால் கூடல், பாலை என்றால் பிரிவு என்று பள்ளியிலேயே மனப்பாடம் ஆகிவிடுகிறது. நிலத்தையும் பொழுதையும் பூவையும் பறவையையும் பற்றி நூல் நூலாக எழுதப்பட்டிருக்கிறது. கூற்றை மட்டும் பாட்டின் முகவரிபோலக் கருதிக் கடந்துவிடுகிறோம். ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள காதலைச் சங்கப் புலவர்கள் எப்படிச் சித்திரித்தார்கள் என்ற கேள்விக்கான விடையின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. காதலர் இருவரும் ஒருவரோடு ஒருவர் நேரே பேசும் பாடல்கள் அகத்தில் குறைவு. மூன்றாமவரிடம் சொல்லப்பட்டு, உரியவர் காதில் விழும்படி அமைந்த பேச்சே அதிகம். இந்தச் சுற்றுவழிதான் அகக்கவிதையின் உள்ளடக்கத்தையே தீர்மானிக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

பேச உரிமை உள்ளவர்கள், இல்லாதவர்கள்

நற்றிணை 400, குறுந்தொகை 401, ஐங்குறுநூறு 500, அகநானூறு 400, கலித்தொகை 150 என்று எட்டுத்தொகையின் அகநூல்கள் ஐந்தும் சேர்ந்து ஏறத்தாழ 1,850 பாடல்கள். இத்தனை பாடல்களிலும் பேசுவோர் ஒரு சிறு வட்டத்துக்குள் அடங்கிவிடுகிறார்கள். தொல்காப்பியச் செய்யுளியல் அந்த வட்டத்தை வரையறுக்கிறது. களவுக் காலத்தில் பேச உரியவர்கள் அறுவர்: பார்ப்பான், பாங்கன், தோழி, செவிலி, தலைவன், தலைவி. மணம் முடிந்து கற்பு வாழ்க்கை தொடங்கியதும் பாணன், கூத்தன், விறலி, பரத்தை, அறிவர், கண்டோர் ஆகிய அறுவர் சேர்ந்து பன்னிருவர் ஆகிறார்கள்.

பட்டியலில் இருப்பவர்களைவிட இல்லாதவர்களே கவனத்துக்கு உரியவர்கள். ஊரார், அயலார், சேரியில் உள்ளோர், நோயின் காரணத்தைக் குறிபார்த்துச் சொல்வோர், தந்தை, தமையன்மார் ஆகியோர் பேசியதாகப் பிறர் எடுத்துச் சொல்லலாம்; அவர்களுக்கென்று தனிக் கூற்று கிடையாது என்று அதே இயல் விலக்கு வைக்கிறது. பெற்ற தாய்க்கும் வரம்பு உண்டு. அவள் தலைவனோடும் தலைவியோடும் நேரே உரையாடுவதாகப் பாட்டு அமைவதில்லை.

ஒரு பெண்ணை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யும் அதிகாரம் தந்தையிடமும் தமையன்மாரிடமும் இருந்தது. அவர்களின் சினத்துக்கு அஞ்சித்தான் காதலர் இரவில் சந்திக்கிறார்கள், ஊரைவிட்டு உடன்போகிறார்கள். ஊரின் பழிச்சொல்லான அலர் பாட்டுக்குப் பாட்டு இரைந்துகொண்டே இருக்கிறது. இந்த மூன்று சக்திகளும் கதையை நகர்த்துகின்றன. ஆனால் ஒரு பாட்டையும் தம் குரலில் சொல்லும் உரிமை அவற்றுக்கு இல்லை. நாம் தந்தையின் கோபத்தை மகளின் அச்சமாகவும், ஊரின் ஏச்சைத் தோழியின் கவலையாகவும் மட்டுமே கேட்கிறோம். வாழ்க்கையில் கடைசி வார்த்தை யாருடையதோ அவர்களுக்குக் கவிதையில் முதல் வார்த்தையும் இல்லை. புலவர்கள் திட்டமிட்டு ஒரு தரப்பை வாய்மூட வைத்தார்கள் என்று சொல்ல நமக்குச் சான்று இல்லை. இலக்கண விதியின் விளைவு மட்டும் அதுதான்.

கூற்றுக் குறிப்புகள் பாடிய புலவர்களே எழுதியவை அல்ல, தொகுத்தவர்களும் பின்வந்தவர்களும் சேர்த்தவை என்ற எதிர்வாதம் உண்டு. அது நியாயமானதுதான். ஒரே பாட்டுக்கு இரண்டு மூன்று துறைகள் பொருந்தும் இடங்களும் உள்ளன. ஆனாலும் கேட்பவர் யார் என்பதைப் பெரும்பாலான பாடல்கள் தமக்குள்ளேயே வைத்திருக்கின்றன. தோழியையோ அன்னையையோ பாகனையோ பாணனையோ நெஞ்சையோ விளிக்கும் சொல் பாட்டின் உடம்பிலேயே இருக்கும். ஐங்குறுநூற்றின் நெய்தல் பகுதியில் அம்மூவனார் பாடிய பத்துகளில் முதல் நான்கின் தலைப்புகளைப் பாருங்கள்: தாய்க்கு உரைத்த பத்து, தோழிக்கு உரைத்த பத்து, கிழவற்கு உரைத்த பத்து, பாணற்கு உரைத்த பத்து. பாட்டுகளை யார் காதுக்கு உரியவை என்று பார்த்துப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

தலைவி சொல்லக் கூடாதது

இந்தச் சுற்றுவழிக்கு மூலகாரணம் தலைவிமேல் போடப்பட்ட ஒரு தடை. தன் வேட்கையைத் தலைவன் முன்னே தானே எடுத்துச் சொல்லுதல் தலைவிக்கு இல்லை என்கிறது களவியல். அப்படியானால் அது எப்படி வெளிப்படும் என்பதற்கு அங்கேயே ஓர் உவமை இருக்கிறது. உரையாசிரியர்கள் அதைப் புதுப்பானையில் ஊற்றிய நீராக விளக்குகிறார்கள். பானை உடைவதில்லை, வழிவதுமில்லை. ஆனால் வெளிப்புறம் ஈரம் கசிந்து உள்ளே நீர் இருப்பதைக் காட்டிவிடும்.

அவனிடம் சொல்லக் கூடாததைத் தோழியிடம் சொல்லலாம். கபிலர் பாடிய குறுந்தொகை 25ஆம் பாட்டு அப்படிப்பட்டது. களவில் கூடியவன் மணம் பேச வராமல் நாள் கடத்துகிறான். தலைவி தோழியிடம் பேசுகிறாள். அன்றைக்கு அங்கே வேறு யாரும் இல்லை. அந்தக் கள்வன் மட்டுமே இருந்தான். அவனே இல்லை என்று பொய் சொன்னால் நான் என்ன செய்ய முடியும் என்கிறாள். பிறகு நினைவு வந்ததுபோல ஒன்றைச் சேர்க்கிறாள். ஒரு குருகும் இருந்தது. தினைத்தாள் போன்ற மெல்லிய கால்களோடு, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்து நின்றது.

ஒரு வழக்கில் சாட்சி தேடுகிறவளின் மனம் இது. இருந்த ஒரே சாட்சிக்குப் பேச வராது. அது அவர்களைப் பார்க்கவும் இல்லை, மீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. நடந்தது அத்தனையும் இருவருக்குள் நடந்தது, அதனாலேயே அதற்கு எந்த உறுதியும் இல்லை என்ற ஆபத்தைக் கபிலர் பறவையின் காலையும் கண்ணையும் கொண்டே காட்டிவிடுகிறார். இருவர் தனித்திருந்த இன்பத்தைப் பாடும் பாட்டாக இதைப் படிக்க முடியாது. தனிமை அவளுக்கு எதிராகத் திரும்பிவிட்ட பாட்டு இது. தோழியிடம் சொன்ன அந்தக் கணத்தில்தான் அவளுக்கு முதல் மனிதச் சாட்சி கிடைக்கிறாள்.

இதற்கு நேர்மாறான உணர்ச்சியைக் கலித்தொகை 51இல் காணலாம். அதுவும் கபிலர் பாட்டு. அதுவும் தோழியிடம் சொல்வதுதான். சிறுவயதில் மணல்வீட்டைக் காலால் அழித்த குறும்புக்காரன் இப்போது வாலிபனாகத் தண்ணீர் கேட்டு வாசலில் நிற்கிறான். நீர் கொடுக்கப் போனவளின் கையைப் பற்றுகிறான். திடுக்கிட்டு அம்மாவைக் கூவி அழைக்கிறாள். தாய் அலறிக்கொண்டு ஓடிவந்ததும், தண்ணீர் குடிக்கும்போது இவனுக்கு விக்கல் எடுத்தது என்று மாற்றிச் சொல்கிறாள். தாய் அவன் முதுகை நீவிவிடுகிறாள். அவனோ கடைக்கண்ணால் இவளைக் கொல்வதுபோலப் பார்த்துச் சிரிக்கிறான்.

இவள் காதலை ஒப்புக்கொண்ட இடம் எது? அவனிடம் அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. தாயிடம் சொன்ன பொய்தான் அவனுக்குக் கொடுத்த சம்மதம். ஒரே வாக்கியம் தாயின் காதில் ஒரு பொருளாகவும் அவன் காதில் வேறொரு பொருளாகவும் விழுகிறது. மூன்றாமவர் நடுவில் நின்றதால் மட்டுமே சாத்தியமான காதல் மொழி இது.

தோழி நடத்தும் வழக்கு

அகப்பாடல்களில் மிக அதிகமாகப் பேசுகிறவர்கள் தலைவியும் தோழியும்தான். தோழி செவிலியின் மகள் என்பது மரபு. அவளுக்கென்று ஒரு காதல் கதை இல்லை. காதலை நடத்திச் செல்லும் சொல்வன்மை முழுக்க அவளிடம் இருக்கிறது. தலைவன் வேலிக்கு அப்பால் வந்து நிற்பது அவளுக்குத் தெரியும். தெரியாதவள்போலத் தலைவியிடம் பேசுகிறாள்: அன்னை இரவெல்லாம் உறங்குவதில்லை, ஊர் நாய்கள் குரைக்கின்றன, மலைவழியில் யானை திரிகிறது, இவள் மெலிந்துபோனாள். தலைவிக்கு இவை எதுவும் புதிய செய்தி அல்ல. கேட்க வேண்டியவன் வேலிக்கு அந்தப்புறம் நிற்கிறான். இதைச் சிறைப்புறம் என்று துறைக் குறிப்புகள் சொல்கின்றன. சொல்லப்படாத முடிவு ஒன்றே: திருட்டுத்தனமாக வந்து போனது போதும், மணம் பேச ஆள் அனுப்பு.

நேரே அவனை மறித்துப் பேசும் துணிவும் தோழிக்கு உண்டு. குறுந்தொகை 18இல் கபிலர் அவளைப் பேச வைக்கிறார். இரவில் வந்து திரும்புகிறவனைப் பார்த்து, மூங்கில் வேலிக்குள் வேரிலே பலா பழுக்கும் மலைநாட்டவனே என்று தொடங்குகிறாள். பிறகு இங்கோ சிறு கொம்பில் பெரும்பழம் தொங்குகிறது என்கிறாள்; இவள் உயிர் சிறிது, காமம் பெரிது. அவன் ஊர்ப் பலா தரையோடு சேர்ந்து வேரில் காய்க்கிறது. அதைச் சுற்றி வேலியும் உண்டு. பழம் விழுந்துவிடுமோ என்ற கவலை அவனுக்கு இல்லை. இவளுடையது மெல்லிய கொம்பில் அந்தரத்தில் தொங்குகிறது. நாட்டைப் புகழ்வதுபோல் தொடங்கிய விளி, இருவருக்கும் உள்ள நிலை வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறது. ஆணுக்குக் காதலில் இழப்பதற்கு ஒன்றுமில்லை, பெண்ணுக்கு உயிரே பணயம். தலைவி வாய்திறந்து கேட்க முடியாத இந்த நியாயத்தைத் தோழி நான்கைந்து அடிகளில் கேட்டுவிடுகிறாள்.

வீட்டாருக்கு உண்மையைச் சொல்ல வேண்டிய நேரம் வரும்போது பேச்சு ஒருவர் மாற்றி ஒருவராக நடக்கிறது. தலைவி தோழியிடமும், தோழி செவிலியிடமும், செவிலி நற்றாயிடமும், நற்றாய் தந்தையிடமும் தமையன்மாரிடமும் தெரிவிப்பாள். அறத்தொடு நிற்றல் என்று பெயர் பெற்ற இந்த வரிசை முழுக்கப் பெண்களின் வாய்வழியே நடந்து, ஆண்களை எட்டியதும் பாட்டில் நின்றுவிடுகிறது. ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவிக்கக் கபிலர் பாடியதாகச் சொல்லப்படும் குறிஞ்சிப்பாட்டின் 261 அடிகளும் தோழி செவிலியிடம் சொல்லும் ஒரே பேச்சுதான். 99 பூக்களின் பட்டியலுக்காகவே இன்று அந்தப் பாட்டு நினைவுகூரப்படுகிறது. அது ஒரு வாக்குமூலம் என்பது மறந்துபோகிறது.

ஒளவையாரின் குறுந்தொகை 23ஆம் பாட்டு இதே வேலையை ஐந்து அடிகளில் முடிக்கிறது. மகளின் மெலிவுக்குக் காரணம் அறியத் தாயார் குறிசொல்லும் கட்டுவிச்சியை வரவழைத்திருக்கிறார்கள். அவள் மலைகளின் பெயர்களைச் சொல்லிப் பாடிக்கொண்டே வருகிறாள். ஒரு மலை வந்ததும் தோழி குறுக்கிட்டு, அவருடைய நல்ல மலையைப் பாடிய அந்தப் பாட்டை இன்னொருமுறை பாடு என்கிறாள். அவ்வளவுதான். யாருடைய மலை என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சுற்றியிருக்கும் தாயர் கேட்டுவிட்டார்கள். கட்டுவிச்சி பாடிய பாட்டு என்ன என்பதும் நமக்குத் தெரிவதில்லை. குறி சொல்வோருக்குக் கூற்று இல்லை என்ற விதி இங்கே கவிதையாகவே மாறிவிடுகிறது.

ஆணின் தவிப்பு

தலைவனுக்குப் பேசத் தடை இல்லை. இருந்தும் அவனும் பெரும்பாலும் தன் நெஞ்சிடமும், தேர்ப்பாகனிடமும், பாங்கனிடமும்தான் பேசுகிறான். கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலை 301 அடி. காவிரிப்பூம்பட்டினத்தின் கடைத்தெருவும் துறைமுகமும் சுங்கச்சாவடியும் அதில் விரிவாக வருகின்றன. இத்தனையும் தலைவன் தன் நெஞ்சுக்குச் சொல்லும் ஒரு மறுப்புக்காகத்தான்: அந்தப் பட்டினமே கிடைப்பதானாலும் இவளை விட்டு வரமாட்டேன். ஒரு நகரத்தையே எடைக்கல்லாக வைத்தவன் அந்த எடையை அவளிடம் சொல்லவில்லை.

வெள்ளிவீதியார் பெண்பாற் புலவர். கணவனைத் தேடி அலைந்தவள் என்று அகநானூறு 147இல் ஒளவையார் அவரை உவமையாக்கியிருப்பதால், அவர் பாடல்களைத் தன்வரலாறாகவே படிப்பவர்கள் உண்டு. ஆனால் குறுந்தொகை 58இல் அவர் பேசுவது ஆணின் குரலில். காதல் நோயைக் கண்டித்த பாங்கனுக்குத் தலைவன் பதில் சொல்கிறான். வெயில் காயும் பாறையில் வெண்ணெய் வைத்திருக்கிறது. காவலுக்கு இருப்பவன் கையில்லாதவன், பேச்சும் வராதவன். கண்ணால் மட்டுமே காக்கிறான். வெண்ணெய் உருகிப் பரவுவதுபோல இந்த நோய் பரவிவிட்டது, தடுக்க வழியில்லை என்கிறான்.

கை இருந்தால் எடுத்து வைக்கலாம், வாய் இருந்தால் ஆளைக் கூப்பிடலாம். இரண்டும் இல்லாமல் பார்க்க மட்டும் முடிந்தவனின் வேதனை இது. பேச முழு உரிமை உள்ள ஆண், தன்னை ஊமையாகக் கற்பனை செய்கிறான். அதை எழுதியவரோ பேசத் தடையுள்ள பாலைச் சேர்ந்தவர். தன் பாலுக்கு விதிக்கப்பட்ட மௌனத்தை ஆணின் அனுபவமாக வெள்ளிவீதியார் இடம்மாற்றிவிட்டார் என்று இதைப் படிக்க இடமிருக்கிறது. பெண் குரலில் ஆண்கள் பாடியதைப் பற்றி நிறையப் பேசுகிறோம். இந்த எதிர்த்திசைப் பயணத்துக்கும் அதே கவனம் வேண்டும்.

மணத்துக்குப் பிறகு

கற்பு வாழ்க்கையிலும் நேர்ப்பேச்சு கூடிவிடவில்லை. கூடலூர் கிழாரின் குறுந்தொகை 167 புதுமணத் தம்பதியைச் செவிலியின் கண்வழி காட்டுகிறது. மகளின் புதுக்குடித்தனத்தைப் பார்த்துவிட்டு வந்தவள் நற்றாயிடம் சொல்கிறாள். தயிரைப் பிசைந்த விரல்களைக் கழுவாமல் ஆடையில் துடைத்துக்கொண்டாள். தாளிப்புப் புகை கண்ணில் ஏறியது. தானே துழாவிச் சமைத்த புளிப்புக் குழம்பைக் கணவன் நன்றாயிருக்கிறது என்று சாப்பிட்டான். அவள் முகம் நுட்பமாக மலர்ந்தது. புகுந்த வீட்டின் செல்வமோ மாப்பிள்ளையின் அழகோ செவிலி கொண்டுவந்த செய்தியில் இல்லை. கழுவாமல் விட்ட விரலைப் பற்றித்தான் பேச்சு. செல்லமாக வளர்ந்த பெண் தன்னை மறந்து வேலை செய்கிறாள் என்பதையும், அதை அவன் கண்டுகொண்டான் என்பதையும் அறிந்தால் ஒரு தாய்க்கு வேறென்ன வேண்டும்? அவன் சொன்ன ஒரு சொல்லுக்கு அவள் வாய்திறந்து பதில் சொல்லவில்லை. முகம் மலர்ந்ததைக் கவனிக்க ஒரு மூன்றாம் கண் தேவைப்பட்டது.

மருதத் திணையில் இந்த மூன்றாமவர் பகையாகிறார். ஆலங்குடி வங்கனாரின் குறுந்தொகை 8இல் பேசுகிறவள் பரத்தை. வயலோரத்து மாவின் பழம் குளத்தில் விழ, வாளைமீன் அதைக் கவ்வும் ஊரை உடையவன், எங்கள் இடத்தில் பெரிய பேச்சுப் பேசினான். தன் வீட்டிலோ கண்ணாடியில் தெரியும் உருவம்போல மகனின் தாய் ஆட்டியபடி ஆடுகிறான் என்கிறாள். தன்னைப் பழித்த மனைவியின் தோழியர் கேட்கவே இதைச் சொன்னாள் என்கிறது குறிப்பு. பழம் தானாக விழுந்தது, மீன் மரமேறிப் பறிக்கவில்லை என்ற தற்காப்பும் அதில் அடக்கம். ஒருவனைப் பற்றி இரண்டு பெண்கள் இடையில் ஆள் வைத்துச் சண்டையிடுகிறார்கள். அவனோ இரண்டு இடத்திலும் பதில் சொல்லத் தேவையில்லாதவனாக இருக்கிறான். ஆணின் ஒழுக்கக்கேட்டுக்குத் தண்டனை என்று மரபு வைத்திருப்பது மனைவியின் ஊடல் ஒன்றுதான். அதுவும் கடைசியில் தணிய வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. அகக்கவிதையின் நுட்பத்தை வியக்கும்போது இந்தச் சமனின்மையையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பெயர் வந்தால் திணை மாறும்

இத்தனை பேரும் பெயரில்லாதவர்கள். அன்பின் ஐந்திணையில் தலைமக்களை இன்னார் என்று பெயர் சுட்டக் கூடாது என்பது அகத்திணையியலின் விதி. உவமைக்குள் அரசர்களின் பெயர் வரலாம். பட்டினப்பாலையில் திருமாவளவன் அப்படித்தான் வருகிறான். காதலிப்பவனுக்கு மட்டும் பெயர் இருக்கக் கூடாது. நெடுநல்வாடையில் பிரிந்த கணவனை எண்ணிப் படுக்கையில் வாடும் அரசியின் நிலை முழுக்க அகத்துக்கு உரியது. ஆனால் அரசனின் பாசறையில் வேலில் வேப்பந்தழை கட்டியிருப்பதாக ஒரு சொல் வருகிறது. வேம்பு பாண்டியரின் அடையாளப் பூ. அந்த ஒரு தழையைக் காட்டி அதைப் புறப்பாட்டு என்று நச்சினார்க்கினியர் தீர்த்தார்.

விதியின் இன்னொரு விளிம்பில் நக்கண்ணையார் நிற்கிறார். போரவைக் கோப்பெருநற்கிள்ளியை விரும்பிப் பாடிய அவருடைய மூன்று பாடல்கள் புறநானூற்றில் 83 முதல் 85 வரை உள்ளன. வளை கழல்கிறது, தாய்க்கு அஞ்சுகிறாள், அவனைத் தழுவ நினைத்தால் அவையோர்முன் நாணுகிறாள். குறுந்தொகைத் தலைவி ஒருத்தி சொன்னால் இவை ஐந்திணைப் பாடல்கள். பெயர் உள்ள அரசனைப் பற்றியவை என்பதால் ஒருதலைக் காதலான கைக்கிளையாகிப் புறத்துக்குப் போய்விட்டன.

பெயருள்ள மனைவி ஒருத்திக்காகப் புலவர்களே தோழியின் வேலையைச் செய்ததும் புறநானூற்றில்தான். மயிலுக்குப் போர்வை அளித்த பேகன் தன் மனைவி கண்ணகியைத் துறந்து வேறொருத்தியோடு வாழ்ந்தான். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய நால்வரும் அவளுக்காக அவனிடம் பேசினார்கள். பசித்து வரவில்லை, சுமக்க வேண்டிய சுற்றமும் எங்களுக்கு இல்லை, இன்றிரவே தேரேறிப் போய் அவள் துயரைத் தீர்ப்பதே நாங்கள் வேண்டும் பரிசில் என்று பரணர் கேட்கிறார். நால்வர் பேசிய இந்தப் பாடல்களில் கண்ணகி அழுகிறாள்; தன் வழக்கைத் தானே பேசவில்லை. அகத்தில் பெயரில்லாத தலைவிக்குக் குரல் கிடைத்தது. புறத்தில் பெயர் கிடைத்த மனைவிக்குக் குரல் போய்விட்டது.

நேரே பேசியவர்கள்

அப்படியானால் காதலர் இருவர் முகத்துக்கு முகம் பேசிக்கொள்ளும் காட்சி சங்க இலக்கியத்தில் எங்கே இருக்கிறது? கலித்தொகையில் உரையாடல்கள் நிறைய உண்டு. அவற்றில் முழுமையான ஒன்று 94ஆம் பாட்டு. பேசுகிறவர்கள் அரண்மனையில் ஊழியம் செய்யும் கூனியும் குறளனும். அவன் அவள் கூனைப் புகழ்வதுபோலக் கேலி செய்கிறான். அவள் அவன் குள்ளத்தைச் சுட்டித் திருப்பிக் கொடுக்கிறாள். வாய்ச்சண்டை முற்றி, இளகி, ஒப்புதலில் முடிகிறது. அரண்மனையில் யாராவது பார்த்தால் சிரிப்பார்கள், சோலைக்குப் போய்விடலாம் என்று இருவரும் கிளம்புகிறார்கள்.

தூது இல்லை, சிறைப்புறம் இல்லை, பெண் தன் விருப்பத்தைச் சொல்லத் தடையும் இல்லை. அடியோருக்கும் வினைவலருக்கும் ஐந்திணை உரியதன்று, கைக்கிளையும் பொருந்தாக் காதலான பெருந்திணையும்தான் என்று தொல்காப்பியம் ஒதுக்கியதால் கிடைத்த விடுதலை அது. அந்த விடுதலைக்கு விலை உண்டு. அவர்கள் உடலைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறது பாட்டு. உயர்ந்த காதல் சுற்றி வளைத்துப் பேசும், தாழ்ந்தவர் காதல் நேரே பேசும் என்ற தரவரிசை இதில் தெளிவாகத் தெரிகிறது. நாம் அகக்கவிதையின் நாகரிகம் என்று போற்றும் மறைமொழி, ஒருவகையில் மேலோரின் அடையாளமாகவும் இருந்தது.

தலைவியின் வாய்ப்பூட்டைப் பிற்காலத்தில் உடைத்தவர்கள் பக்திக் கவிஞர்கள். காதல் கைகூடாத ஆண் பனைமடல் குதிரையேறித் தன் காதலை ஊரறியச் செய்யலாம், பெண் எந்நிலையிலும் அப்படி மடலேறக் கூடாது என்பது பழைய விதி. பெரிய திருமடலில் பெண் குரலில் பேசும் திருமங்கையாழ்வார், அப்படித் தென்மொழியில் ஒரு விதி உண்டென்பது தெரியும், அதை ஏற்கவில்லை என்று விதியை எடுத்துச் சொல்லியே மறுக்கிறார். ஆண்டாள் இன்னும் ஓரடி மேலே போகிறாள். நாச்சியார் திருமொழியின் 14 பதிகங்களில் குயிலையும் மேகத்தையும் தூது விடுகிறாள். தன் உடலின் வேட்கையை மறைக்காமல் சொல்கிறாள். பதிக முடிவுகளில் கோதை என்று தன் பெயரையும் பதிக்கிறாள். பெயர் கூடாது, வேட்கை கூறக் கூடாது என்ற இரண்டு தடைகளும் ஒருங்கே தகர்கின்றன. அவளும் தன் கல்யாணக் கனவைச் சொல்ல ஆள் தேடியபோது தோழியைத்தான் அழைத்தாள். தடை போன பிறகும் அந்த முறை போகவில்லை. தோழியிடம் சொல்வது ஒரு கட்டாயமாகத் தொடங்கியது. ஆண்டாளின் காலத்துக்குள் காதலைச் சொல்வதற்குத் தமிழ் கண்ட மிகச் செறிவான வடிவமாக அது வளர்ந்துவிட்டது.

அகப்பாடல்களைக் கொண்டு சங்கப் பெண் சுதந்திரமாகக் காதலித்தாள் என்று வாதிடுவோரும், அடக்கப்பட்டாள் என்று வாதிடுவோரும் பாட்டின் பொருளை மட்டும் எண்ணுகிறார்கள். கூற்றைக் கணக்கில் எடுத்தால் இரண்டு பக்கமும் திருத்தம் தேவைப்படும். களவு அனுமதிக்கப்பட்டது, ஆனால் அதைச் சொல்லும் வழி காவலுக்குள் இருந்தது. பெண் பேசக் கூடாத இடங்கள் இருந்தன, அந்தத் தடையே அவளைச் சுற்றி ஒரு பெண்கள் அவையை உண்டாக்கியது. அந்த அவையில் தோழி வழக்காடினாள், செவிலி சாட்சி சொன்னாள், பரத்தை எதிர்வாதம் செய்தாள். தந்தைக்கும் தமையனுக்கும் அங்கே இருக்கை இல்லை. பெரும்பாலும் ஆண் புலவர்களே கட்டியது அந்த அவை என்பதும் அதன் தீர்ப்புகள் நிஜ வீடுகளில் செல்லுபடியாயினவா என்பதைப் பாட்டு சொல்லாது என்பதும் உண்மை. ஆனால் காதலை இருவரின் தனி உணர்ச்சியாகப் பாராமல் பலர் காதில் விழுந்து, பலர் பொறுப்பேற்க வேண்டிய ஒரு நிலையாக அந்தப் புலவர்கள் கண்டார்கள். எனவே ஓர் அகப்பாட்டைப் படிக்கும்போது என்ன சொல்கிறது என்று கேட்பதற்கு முன், இதை யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று கேட்பதே சரியான வரிசை.